சீல் உடைக்காத படங்கள்

என் அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் தொடையோடு பாலிதீனும் சேர்ந்து எழுந்து வரும். சோபா வாங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று. கடையில் சுற்றிக் கொடுத்த உறையை அவன் இன்னும் எடுக்க விடவில்லை. டி.வி. ரிமோட்டுக்கு ஓர் உறை, கார் சீட்டுக்கு ஓர் உறை. அவன் கைபேசியின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய மெல்லிய தாள் ஓரமெல்லாம் சுருண்டு, அழுக்கேறி, அழைப்பது யார் என்றே படிக்க முடியாதபடி மங்கிவிட்டது. அதைக் கிழித்துப் போடச் சொன்னால், "உள்ளே கண்ணாடி புதுசா இருக்கும்ல" என்பான். யாருக்காக அந்தப் புதுசு என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

அவன் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கிறவன். கடைத்தெருவில் இரண்டு மாடிக் கடை. கீழே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். மேலே ஃபேன், அயர்ன் பாக்ஸ், மற்ற சில்லறைச் சாமான். கடை ஆட்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'சீல்'. லாரியிலிருந்து பெட்டி இறங்கும்போது வாசலிலேயே நின்று, "சீல் உடையலையே? மூலை நசுங்கலையே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பெற்ற மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதுகூட அவன் அவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை.

சீல் உடைந்த பெட்டிக்கு அவன் கடையில் ஒரே தீர்ப்புதான். "சீல் போச்சுன்னா அது சரக்கே இல்ல. வீட்டுக்கு அனுப்பு." வீட்டுக்கு என்றால் அண்ணிக்கு. கதவில் சொட்டை விழுந்த ஃபிரிட்ஜ், யாரோ ஒரு வாடிக்கையாளர் ஒரு வாரம் துவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த வாஷிங் மெஷின், ஷோரூமில் நாள் முழுக்கச் சுற்றிக் காட்டியே ஓய்ந்துபோன ஃபேன், எல்லாவற்றுக்கும் அண்ணியிடம்தான் அடைக்கலம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, தன் கையால் பெட்டியைப் பிரித்து எடுத்த புதுப்பொருள் ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை. "சீல் உடைஞ்சதெல்லாம் உனக்குத்தான்" என்று, ஏதோ சொத்து எழுதி வைக்கிறவனைப்போலப் பெருமையாகச் சொல்வான். அண்ணி சிரித்துக்கொள்வாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அயர்ன் பாக்ஸுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும்.

நாத்தனார்க்காரி அண்ணிக்குப் பரிந்து பேசுகிறாளே என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அண்ணி பின்னால் பட்டதையெல்லாம் நான் சின்ன வயதிலேயே பட்டுத் தேறியவள். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். காலை வேளையில் அண்ணி முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள். நான் உள்ளே ஊசியும் கையுமாக இருப்பேன். அண்ணன் அந்தப் படியை மிதித்ததே இல்லை. சவரம் செய்யும்போது பிளேடு கீறினாலே கண் சொருகிச் சாய்கிற வீரன் அவன். ஸ்பிரிட் வாசனை பட்டால் குமட்டும். அவனுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் நான்தான் வீட்டுக்குப் போய், படுக்கவைத்து, கண்ணைப் பொத்தி ரத்தம் எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்கு ஓவியத்தின் மேல் எப்படிக் காதல் வந்தது என்று கேட்பீர்கள். காதலாவது கத்தரிக்காயாவது. ஒரு பணக்கார வாடிக்கையாளர் வீட்டில் ஏ.சி. மாட்டும் வேலையை மேற்பார்க்கப் போயிருந்தான். ஏ.சி. வர வேண்டிய இடத்தில் ஒரு படம் தொங்கியது. "இதைக் கழட்டிடலாமா?" என்று இவன் அதன் மேல் கை வைக்க, அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு காலத்தில் ஒரு ஃபேன் விலைக்கு வாங்கிய படமாம். இன்றைக்கு விற்றால் அதே தெருவில் ஒரு வீடு வாங்கலாமாம். அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஃபேனை ஃபேன் விலைக்கே விற்றுக் காலத்தை வீணாக்கிவிட்டோமே என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அண்ணியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஓர் ஓவியக் கூடத்துக்குப் போனான். வெள்ளை வெளேரென்ற சுவர்கள், குளுகுளு அறை, இருமினால்கூட அபராதம் போடுவார்களோ என்று பயப்படுகிற அமைதி. அதன் உரிமையாளர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். வெளியே மழைக்காலத்துப் புழுக்கத்தில் தெருவில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் பெயரைச் சொன்னார். நான் அதை வாசலிலேயே விட்டுவிட்டு அவருக்கு மப்ளர் என்றே பெயர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, "இதுல ஒரு மௌனம் இருக்கு" என்பார். அடுத்த படத்திலும் மௌனம் இருந்தது. அதற்கடுத்த படத்தில் மௌனத்தோடு கொஞ்சம் கோபமும் இருப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரு சிவப்புப் பட்டையும் ஒரு கறுப்புப் பட்டையும்தான் தெரிந்தன.

"முதலீட்டுக்கு முதலீடு, ரசனைக்கு ரசனை சார்" என்றார் மப்ளர். "வீட்டுல மாட்டி தினமும் பார்த்து ரசிக்கலாம். அதுபாட்டுக்கு விலையும் ஏறிக்கிட்டிருக்கும்."

"எவ்வளவு ஏறும்?" என்றான் அண்ணன். பாக்கிப் பேச்செல்லாம் அவன் காதில் விழவே இல்லை.

"அது ஓவியரைப் பொறுத்தது. ஓவியர் காலமாயிட்டா அப்புறம் புதுசா படம் வராது இல்லையா? அப்ப இருக்கிற படத்துக்கு விலை எங்கேயோ போயிடும்."

அண்ணன் நிமிர்ந்தான். கம்பெனி ஒரு மாடலை நிறுத்திவிட்டால் அதன் உதிரி பாகத்துக்கு எவ்வளவு கிராக்கி வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. அதன் பிறகு அவன் படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். "இவருக்கு என்ன வயசு? உடம்பு எப்படி? சிகரெட் பழக்கம் உண்டா?" என்று ஒவ்வோர் ஓவியரைப் பற்றியும் துருவித் துருவி விசாரித்தான். இன்ஷூரன்ஸ்காரனும் இப்படித்தான் விசாரிப்பான், ஆனால் அவன் ஆள் பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று விசாரிப்பான்.

பட்டை பட்டையாக வரைகிற ஒரு வயதானவருக்குத் தீராத இருமல் என்று தெரிந்ததும் அவருடைய படங்களாகவே அள்ளினான். அப்புறம் மாதம் தவறாமல் மப்ளருக்குப் போன் போட்டு, "ஐயாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்பான். மப்ளர் அதைப் பாசம் என்று நினைத்து ஓவியரிடம் சொல்ல, அந்த மனிதர் நெகிழ்ந்துபோனாராம். முகம் தெரியாத ஒருத்தர் தன் உடம்புக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று சிகரெட்டை விட்டார். இருமலும் அவரை விட்டது. இப்போது தினமும் காலையில் கை வீசி நடக்கிறாராம்.

அன்றைக்குப் படங்களைப் பேசி முடித்ததும் அண்ணன் பழையபடி கடைக்காரனாகிவிட்டான். "இத்தனை எடுக்கிறோம். கூட என்ன தர்றீங்க?" என்றான். மப்ளர் திருதிருவென்று முழித்தார். "நாங்க ஃபிரிட்ஜ் வாங்கினா அயர்ன் பாக்ஸ் ஃப்ரீயா தர்றோம் சார்" என்று அண்ணன் விளக்கினான். மப்ளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் அங்கே போனது வீண்போகவில்லை. கடைசியில் அவர் ஒரு மூலையைக் காட்டி, அதெல்லாம் புது ஆட்கள் வரைந்தது, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் தாராளப் பிரபுவாகி அண்ணியிடம் திரும்பினான். "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ. அது உனக்குத்தான்."

அண்ணி அதற்கு முன்பே அந்த மூலையில்தான் நின்றிருந்தாள். ஒரு ஜன்னல் அளவுக்குப் படம். ஏதோ ஒரு மண்டபம், விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு. நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி அடுக்கியபடி இருந்தன. தரையில் ஈரம். ஒரு நாற்காலி மட்டும் தனியாக நின்றது. அதன் முதுகில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துண்டு. வரைந்தது படிப்பை முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ஒரு பெண்ணாம். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டு அண்ணன் உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாரும் போன அப்புறம் கூட்டிப் பெருக்குறவளுக்குத்தான் இப்படி ஒரு இடம் தெரியும்" என்றாள் அண்ணி. காரில் வரும்போது கையை விரித்து அளந்துகொண்டே வந்தாள். "சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ல சுவர் காலியாத்தானே இருக்கு? அங்க மாட்டினா சாப்பிடும்போது பாக்கலாம்." அவள் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மப்ளரின் ஆட்கள் எல்லாப் படங்களையும் பபிள் உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். விரலால் அமுக்கினால் டப் டப்பென்று உடையுமே, அந்தக் குமிழ் பிளாஸ்டிக். "இது வழிக்கு மட்டும்தான் சார். வீட்டுக்குப் போனதும் பிரிச்சு மாட்டிடுங்க" என்று மப்ளர் கார் கதவு வரை வந்து சொன்னார். கார் நகர்ந்ததும் அண்ணன் சிரித்தான். "பிரிச்சிட்டா திருப்பித் தர முடியாதுல்ல, அதான் அவசரப்படுத்துறான். யார்கிட்ட!"

மகள் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் கோடையில் அதற்குள் நிற்க முடியாது. படங்களை அங்கே அடுக்கினான். தூசி வரும் என்று ஜன்னலை ஆணியடித்து மூடினான். கடை நிறைய ஏ.சி. வைத்திருக்கிற மனிதன், கரண்ட் செலவுக்குப் பயந்து அங்கே ஒரு ஃபேன்கூடப் போடவில்லை. பபிள் உறைக்கு மேல் காக்கித் தாள், அதற்கு மேல் கடை டேப், அதற்கு மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்பு போட்ட ஸ்டிக்கர். அண்ணியின் படத்துக்கும் அதே கதிதான்.

"என்னங்க, அது எனக்குன்னு சொன்னீங்களே?" என்று அண்ணி கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"உனக்குத்தான், யாரு இல்லைன்னா? சமையல் புகை படியும், எண்ணெய் படியும். இருக்கட்டும், விலை ஏறட்டும்."

"பாக்கவே முடியாத படத்தை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

"பாத்துக்கிட்டே இருந்தா தேஞ்சு போயிடும்" என்றான். சத்தியமாக அப்படியேதான் சொன்னான்.

ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் மாடிக்கு அழைத்துப் போகாமல் விடமாட்டான். விளக்கைப் போட்டு, வரிசையாக நிற்கும் காக்கிப் பொட்டலங்களைக் கை நீட்டிக் காட்டுவான். "இது இருமல் ஐயா. இதுவும் அவர்தான். அந்த ஓரத்துல இருக்கிறது மௌனம்." வந்தவர்களும் காக்கித் தாளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவனுடைய மொத்த வியாபாரி ஒருவர், "பிரமாதம், கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்றுகூடச் சொன்னார். இந்த ஊர் உலகத்தில் கண் எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் அண்ணி ஒரு ஆணி அடித்து வைத்திருந்தாள். அதில் அண்ணன் தன் கடைக் காலண்டரைத் தொங்கவிட்டான். அண்ணி ஒவ்வொரு மாதமும் கேட்டாள்; ஒவ்வொரு மாதமும் விலை ஏறட்டும் என்றான். ஒருநாள் லேபில் கூட்டம் குறைந்த நேரம், அண்ணி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தத் துண்டு என்ன கலருன்னு மறந்துபோச்சும்மா" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் மட்டும் அப்போது எதிரே இருந்திருந்தால் பெரிய ஊசியாகப் பார்த்து எடுத்திருப்பேன்.

மழையும் குளிரும் போய் வெயில் தலைகாட்டத் தொடங்கிய சமயம், கம்பெனிக்காரர்கள் டீலர்களையெல்லாம் தங்கள் செலவில் சுற்றுலா கூட்டிப் போனார்கள். இலவசம் என்றால் அண்ணன் விடுவானா? அவன் விமானம் ஏறிய மறுநாள் நானும் அண்ணியும் மாடி அறைக்குப் போனோம். சாவியெல்லாம் அண்ணியிடம்தான் இருந்தது, திறக்கத்தான் அனுமதி இல்லை. டேப்பைக் கத்தியால் கீறி, காக்கித் தாளை அலுங்காமல் விரித்தாள். பபிள் உறை படத்தோடு லேசாக ஒட்டிக்கொண்டிருந்து, சர்ரென்று பிரிந்து வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மஞ்சள்!" என்றாள் அண்ணி. "நான் சிவப்புன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

என் லேபில் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய அலமாரிக் கதவு அளவுக்கும் கனத்துக்கும் சரியாக இருந்தது. அதே உறை, அதே தாள். கடை டேப்புக்கும் ஸ்டிக்கருக்கும் அந்த வீட்டில் பஞ்சமா? சுற்றி முடித்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

படத்தை லேபில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலி வரிசைக்கு மேலே, அண்ணியின் மேசைக்கு நேர் எதிரே மாட்டினோம். அண்ணன் வரவே வராத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த நாற்காலிகளும் நீல பிளாஸ்டிக் என்பதை மாட்டிய பிறகுதான் கவனித்தோம். ஊசிக்குப் பயந்து அலறுகிற ஒரு சிறுமியை அண்ணியின் மேசை ஓரமாக உட்காரவைத்து, படத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணச் சொல்லிவிட்டு நான் ரத்தம் எடுத்துவிடுவேன். பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவர், இப்படி அடுக்கினால் கால் உடையும் என்று ஓவியப் பெண்ணைத் திட்டினார். கணவனின் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு அம்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம், தேடிக்கிட்டு வருவாரு" என்றார். இதில் மௌனம் இருக்கிறது என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. எனக்கு இன்றைக்கும் அது வெறும் நாற்காலிதான். ஆனால் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நேராக்குகிறவளும் நான்தான். அண்ணி தினமும் வந்து, பையை வைத்துவிட்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

இப்படியே பல கோடை போயிற்று. ஒருநாள் காலையில் லேப் வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. அண்ணன். வழக்கம்போல உள்ளே வராமல் எங்களை வெளியே கூப்பிட்டான். முகமெல்லாம் பல்.

"அடிச்சிருச்சு! அந்த ஃப்ரீ படம் அடிச்சிருச்சு! அந்தப் பொண்ணு பெரிய ஆளாயிடுச்சாம். இப்ப படம் வரையறதையே விட்டுட்டு இரும்புல என்னமோ செய்யுதாம். அதனால பழைய படத்துக்கு அடிதடி. சாகாமயே விலை ஏறிருச்சு பாரேன்!" என்றான், அந்தப் பெண் ஏதோ தள்ளுபடி கொடுத்துவிட்டதைப்போல. படம் வாங்க ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், மப்ளரும் கூட வருகிறாராம், அப்படியே மற்ற படங்களையும் அவர் தலையில் கட்டிவிடலாமாம்.

"அது என் படம்ங்க" என்றாள் அண்ணி, கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு.

"உன் படம்தான். உன் கைராசின்னு சொல்லித்தான் விக்கப்போறேன்." கார் போய்விட்டது.

நான் அண்ணியின் பின்னாலேயே உள்ளே ஓடினேன். "அண்ணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் வெச்சிடலாம். வர்றவங்க முன்னால மானம் போயிடும்."

அண்ணி காத்திருந்தவருக்கு டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "வெக்க மாட்டேன்" என்றாள்.

"அவன் தேடினா?"

"தேடட்டும். இங்க வந்து பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை லேபில்தான் கூட்டம் அதிகம். உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் லேபை ஒப்படைத்துவிட்டு நானும் அண்ணியும் வீட்டுக்குப் போனோம். படம் வாங்க வந்த அம்மா வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பாலிதீன் சோபாவில் உட்கார்ந்ததும் அது சத்தம் போட்டது. அவர் எழுந்து நின்றுகொண்டார். அண்ணன் பொட்டலங்களையெல்லாம் கூடத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தான். விலை கூடிய மாடலைக் கடைசியில்தான் காட்ட வேண்டும் என்பது அவன் கடைப் பழக்கம். அதனால் முதலில் இருமல் ஐயாவைப் பிரித்தான்.

காக்கித் தாள் வந்தது. பபிள் உறை வரவில்லை. இழுத்தான். பிசின் பிரிவதுபோலச் சத்தம் வந்தது. சிவப்புப் பட்டை முழுக்க, மூலைக்கு மூலை, அம்மை வடுபோல வட்ட வட்டமாகக் குழி. சில இடங்களில் வண்ணம் உறையோடு போய்விட்டிருந்தது.

"இது டிசைனா?" என்று அண்ணன் மப்ளரைக் கேட்டான்.

மப்ளர் குனிந்து அந்தக் குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அண்ணன் அடுத்ததைப் பிரித்தான். அதிலும் வட்டம். அதற்கடுத்ததில் வட்டத்தோடு பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. மௌனத்தைப் பிரித்தபோது வந்த புழுங்கல் நாற்றத்தில் நானே ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

"வீட்டுக்குப் போனதும் பிரிச்சு மாட்டச் சொன்னேனே சார்" என்றார் மப்ளர். "ஒவ்வொரு வெயிலுக்கும் பெயின்ட் இளகி இளகி உறையோட ஒட்டிக்கிச்சு. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"வாரன்ட்டி எதுவும் உண்டா?" என்றான் அண்ணன்.

அந்த அம்மா ஒரு கையுறையைக் கழற்றினார். அண்ணன் பதறிப்போய்க் கடைசிப் பொட்டலத்தைத் தூக்கினான். "இது நல்லாயிருக்கும் மேடம். இதுதான் நீங்க கேட்டது." கத்தி எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்தான். உள்ளே என் அலமாரிக் கதவு. வெள்ளை பெயின்ட் உரிந்த பலகையில் என் கையாலேயே எழுதிய எழுத்து: 'சிறுநீர் மாதிரிகளை இங்கே வைக்கவும்.'

மப்ளர் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடினார்.

"இதுவும் அவங்களுதுதானா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஆரம்ப காலத்துல அவங்க..." என்று மப்ளர் இழுத்தார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் எழுத்தை இன்னொரு தடவை படித்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்தான். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. "எங்க என் படம்?" என்றான்.

"லேப்ல மாட்டியிருக்கு" என்றாள் அண்ணி. "எப்பவோ மாட்டியாச்சு."

நாலு பேரையும் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஏறக்குறைய ஓடினான். லேப் படியில் வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல் உள்ளே நுழைந்தான். ஒன்றைத் தவிர நாற்காலிகளெல்லாம் நிறைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே அந்த மண்டபம், அந்த ஈரத் தரை, அந்த மஞ்சள் துண்டு. மப்ளர் கிட்டப் போய் மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார்.

"ஒரு தடம் இல்ல. காத்தோட்டமா தொங்கினதால பிழைச்சுது."

அந்த அம்மா கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு விலை சொன்னார். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலைக்கு மேலே திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். அவரவர் வாழ்க்கையில் அப்படியொரு தொகையைக் காதால்கூடக் கேட்டதில்லை. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பேக் பண்ணுங்க" என்றான். "பபிள் கவர் மட்டும் வேண்டாம்."

அண்ணி தன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னங்க, இது சீல் உடைஞ்ச சரக்கு."

"என்னது?"

"நான்தான் உடைச்சேன். சீல் போச்சுன்னா அது சரக்கே இல்ல, வீட்டுக்கு அனுப்புன்னு சொல்றது நீங்கதான். சீல் உடைஞ்சதெல்லாம் உனக்குத்தான்னு சொல்றதும் நீங்கதான். சொட்டை விழுந்த ஃபிரிட்ஜ் வந்துச்சு, எடுத்துக்கிட்டேன். யாரோ துவைச்சுப் பாத்த மெஷின் வந்துச்சு, அதையும் எடுத்துக்கிட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? இதையும் எடுத்துக்கிட்டேன்."

கையுறை அம்மா அண்ணியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் இரண்டு கையுறைகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மப்ளர் பின்னாலேயே ஓடினார்.

அதற்குள் ஸ்பிரிட் வாசனை அண்ணனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வியர்த்து, வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த ஒரு நீல நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். படம் அவன் தலைக்கு மேலே இருந்தது. அப்போதும் அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவனையும் பார்த்து, அங்கே வந்து உட்காருகிற எல்லோரையும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"டோக்கன் எடுத்தாச்சா?"